உனக்கெதுக்குடா கணக்கு?

எங்க தாத்தா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போதுதான் கூலி அளப்பார்கள். பண்ணையின் கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டி, "ஒங்கப்பன் வாங்குனது இவ்ளோ, நீ வாங்குனது இவ்ளோ, கழிச்சது போக இவ்ளோதான்" என்பார். அதுதான் தீர்ப்பு. ஒரு வருஷம் தாத்தா வாய் திறந்து கேட்டுவிட்டார்: "ஆண்டே, போன வருஷம் கழிச்சதத்தானே இந்த வருஷமும் கழிக்கிறீங்க?" களத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். "உனக்கெதுக்குடா கணக்கு?" என்று ஒரு குரல். மறுநாளிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இதை எங்கப்பா எனக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வார். பசியைக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

ஊர்க் கணக்கும் இப்படித்தான் இருந்தது. சிட்டாவும் அடங்கலும் கர்ணம் வீட்டுத் திண்ணையில் இருக்கும். கர்ணம் பரம்பரைப் பதவி. அந்தத் திண்ணையில் நம் ஆட்கள் ஏற முடியாது. நமக்கு விட்டது வெட்டியான் வேலை. வயலுக்கு வயல் எல்லைக் கல் எங்கே என்று வெட்டியானுக்குத் தெரியும். அந்த வயல் யார் பேரில் என்று எழுதுகிறவர் கர்ணம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு இந்தப் பரம்பரை கிராம அதிகாரிகளை ஒழித்தது. திண்ணை போனது. ஆனால் கணக்கு என்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்று என்ற எண்ணம் நம் மண்டைக்குள்ளிருந்து போனதா? போகவில்லை என்பது என் கருத்து. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதப் போவது இந்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் பற்றி. செய்தித்தாள்களில் சி.ஏ.ஜி. என்று வருமே, அவர்தான். "இதில் நமக்கென்ன இருக்கு தோழர்? இது டெல்லிக்காரன் விவகாரம்" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்காத ஒருவர் இருந்தார். 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பதவி விவாதத்துக்கு வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் எழுந்து பேசினார். இந்த அரசியல் சட்டத்திலேயே அநேகமாக மிக முக்கியமான அதிகாரி இவர்தான் என்றார். நீதித்துறையின் கடமைகளைக் காட்டிலும் இவருடைய கடமைகள் முக்கியமானவை என்றார். அப்படியிருந்தும் நீதித்துறைக்குக் கொடுத்த அளவு சுதந்திரத்தைக்கூட இவருக்கு நாம் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். உச்ச நீதிமன்றம் தன் ஊழியர்களைத் தானே நியமித்துக்கொள்ளலாம். தணிக்கையாளருக்கு அந்த உரிமை இல்லை. அதைத்தான் அவர் குறையாகச் சொன்னார்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? பாபாசாகேபை நாம் சட்ட மேதையாகவும் சாதி ஒழிப்புப் போராளியாகவும் அறிவோம். அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர் என்பதை மறந்துபோகிறோம். 1915இல் கொலம்பியாவில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூல். 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய நூல். சர்க்காரின் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது, யார் கையில் நிற்கிறது என்பதை இளமையிலேயே துருவிப் பார்த்தவர் அவர். சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பணம் வேறு பக்கம் போனால் சட்டம் காகிதம்தான் என்பது அவருக்குத் தெரியும். இந்தப் பதவியை அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறார்.

அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையான பிரிவுகள் இவரைப் பற்றியவை. குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆறு ஆண்டுகள் அல்லது 65 வயது வரை பதவி. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது போலத்தான் இவரையும் நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ பதவி வகிக்கக் கூடாது. ஒன்றிய அரசு, மாநில அரசுகள், அரசு நிறுவனங்கள் எல்லாவற்றின் வரவு செலவையும் இவர் துறை பார்க்கும். சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையைத் தாண்டும்போது 'ஏ.ஜி. ஆபீஸ்' என்று சொல்கிறார்களே, அது இவருடைய துறைதான்.

வேலை நடக்கிற விதம் இது. தணிக்கைக் குழு ஒரு அலுவலகத்துக்குப் போகும். ரொக்கப் புத்தகம், பில், பயன்பாட்டுச் சான்று எல்லாம் கேட்கும். சந்தேகம் வந்தால் குறிப்பு எழுதி விளக்கம் கேட்கும். விளக்கம் சரியில்லை என்றால் ஆய்வறிக்கையில் ஏறும். அதில் கனமானவை மட்டும் வடிகட்டப்பட்டு அச்சான அறிக்கைக்கு வரும். 'ஆடிட் பாரா' என்று அலுவலகங்களில் பயந்து பேசுவது அதைத்தான். அறிக்கை குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ போய், அங்கிருந்து நாடாளுமன்றத்தில், சட்டமன்றத்தில் வைக்கப்படும். பொதுக் கணக்குக் குழு அதில் சிலவற்றை எடுத்து விசாரிக்கும். அத்தோடு சரி. இவரால் யாரையும் தண்டிக்க முடியாது. ஒரு ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொல்லி வாங்கவும் முடியாது. இங்கிலாந்தில் இதே பதவியில் இருப்பவர் அனுமதித்தால்தான் கஜானாவிலிருந்து பணமே வெளியே போகும். இங்கே செலவான பிறகுதான் இவர் வருவார். பிணப் பரிசோதனை மாதிரி.

ஓட்டைகளும் உண்டு. இவரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அந்த அரசாங்கமே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. 1984 முதல் 1990 வரை இந்தப் பதவியில் இருந்தவர் பிறகு பாரதிய ஜனதாவின் மாநிலங்களவை உறுப்பினராகி, 2002இல் கர்நாடக ஆளுநரும் ஆனார். அறிக்கையைச் சபையில் எப்போது வைக்க வேண்டும் என்பதற்குக் கெடு கிடையாது. டெல்லி சட்டமன்றத்தில் 14 அறிக்கைகள் வைக்கப்படாமல் கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் வெளியே வரத் தொடங்கின. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கிறதோ அதற்குத்தான் தணிக்கை அறிக்கை இனிக்கும். 1989இல் போபர்ஸ், 2010இல் அலைக்கற்றை, 2012இல் நிலக்கரி என்று எல்லாக் காலத்திலும் இதுதான் கதை.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்த அறிக்கை சத்தம் போடுகிறது, எந்த அறிக்கை ஊமையாகிறது?

2010 நவம்பரில் வந்த அலைக்கற்றை அறிக்கையை டீக்கடையில்கூடப் பேசினார்கள். 1,76,645 கோடி என்ற எண் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அது அனுமான இழப்புக்கான பல கணக்குகளில் ஒன்று, மிகப் பெரியது, என்பதை யாரும் சொல்லவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ. இராசா உட்பட எல்லோரையும் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் நம் சமூகத்துக்காரர் என்றதும் அந்த எண்ணோடு சேர்த்து அவருடைய சாதியையும் வாய்க்குள் மென்றவர்களை நாம் எல்லோருமே பார்த்தோம். 'இவனுங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்' என்று பஸ்ஸிலும் அலுவலகத்திலும் பேசியதைக் கேட்டோம்.

அதே சி.ஏ.ஜி. 2003இல் இன்னொரு அறிக்கை கொடுத்தார். கையால் மலம் அள்ளுகிறவர்களை விடுவித்து மறுவாழ்வு கொடுப்பதற்காக 1992இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு அதைத் தணிக்கை செய்தார்கள். 600 கோடி ரூபாய்க்கு மேல் போட்டும் திட்டம் தன் நோக்கத்தில் தோற்றுவிட்டது என்று எழுதினார்கள். ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவே ஆகவில்லை. கண்காணிக்கப் போட்ட குழுக்கள் இயங்கவில்லை. விடுவிக்கப்பட்டதாகக் கணக்கில் காட்டப்பட்டவர்களுக்கு உண்மையில் மறுவாழ்வு கிடைத்ததா என்பதற்கு ஆதாரமே இல்லை. எல்லாவற்றையும்விடக் கடுமையான குறையாக அவர்கள் சொன்னது, 1993இல் வந்த தடைச் சட்டத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தவேயில்லை என்பது.

இதை எந்த டீக்கடையில் பேசினார்கள்? எந்த எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தை ஸ்தம்பிக்க வைத்தது? பீயள்ளுகிற பெண்ணின் பேரில் வந்த பணம் போன இடம் தெரியவில்லை என்று அரசாங்கத்தின் தணிக்கையாளரே சொல்கிறார். தேசம் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஆனால் நம் தோழர்கள் படுத்துக்கொள்ளவில்லை. அதே 2003ஆம் ஆண்டு பெஜவாடா வில்சனின் சஃபாய் கர்மசாரி அந்தோலன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மாநில அரசுகள் ஒவ்வொன்றும் 'எங்கள் மாநிலத்தில் இந்தத் தொழிலே இல்லை' என்று கூசாமல் மனு தாக்கல் செய்தன. இயக்கத்தோழர்கள் ஊர் ஊராகப் போய் எடுப்புக் கக்கூஸ்களைப் படம் பிடித்தார்கள், பெயர்களைத் திரட்டினார்கள். ஒரு பக்கம் அந்தப் படங்கள், இன்னொரு பக்கம் தணிக்கை அறிக்கை. 'இவங்க இயக்கக்காரங்க, மிகைப்படுத்துறாங்க' என்று படங்களைத் தள்ளலாம். சர்க்காரின் சொந்தத் தணிக்கையாளர் எழுதியதை எப்படித் தள்ளுவது? 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பில் அந்த அறிக்கையின் முடிவுகள் எடுத்துக் காட்டப்பட்டுள்ளன. 1993 முதல் சாக்கடைக் குழியில் செத்தவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. 2023 அக்டோபரில் இன்னொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமானது.

சாவு நின்றுவிட்டதா? இல்லை. அறிக்கையும் தீர்ப்பும் சாவை நிறுத்தாது. ஆனால் அலமாரியில் செத்துக் கிடந்த ஓர் அறிக்கை ஓர் இயக்கத்தின் கைக்கு வந்ததும் எழுந்து நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். நமக்கு இது புதுசும் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும் காகிதம்தான். ஒரு நூற்றாண்டு கழித்துப் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் கிளம்பியபோது, 1994 அக்டோபரில் காரணையில் இரண்டு தோழர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தபோது, அந்தப் பழைய காகிதத்துக்கும் உயிர் வந்தது.

இனி எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்தபோது ஸ்காலர்ஷிப் பணம் ஒரு வருஷம் வரவே இல்லை. அலுவலக ஜன்னலில் போய் நின்றால், "பணம் வரல. வந்தா போர்டுல போடுவோம்" என்பார்கள். எங்கிருந்து வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டால் ஜன்னல் மூடிக்கொள்ளும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. என்னோடு படித்த பெண் ஒருத்தி, என்னைவிட நன்றாகப் படிக்கிறவள், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வரவில்லை. பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. நாங்கள் அதை எங்கள் தலையெழுத்து என்றுதான் எடுத்துக்கொண்டோம். 'நம்மாளுக்கு எப்பவும் இப்படித்தான்.'

2018ஆம் ஆண்டின் 12ஆம் எண் தணிக்கை அறிக்கை என் கைக்கு வந்தபோதுதான் உறைத்தது. அட்டவணைச் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தை 2012 முதல் 2017 வரையான காலத்துக்கு ஐந்து மாநிலங்களில் தணிக்கை செய்திருந்தார்கள். கர்நாடகம், மகாராஷ்டிரம், பஞ்சாப், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு. தகுதியுள்ள மாணவர்கள் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு மாநிலங்களிடம் இல்லை. ஆண்டுத் திட்டம் இல்லை. பணம் தாமதமாகப் போகிறது. கண்காணிப்பு பலவீனம். படிக்கப் படிக்க எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. என் தோழியின் தலையெழுத்து என்று நாங்கள் நினைத்தது ஓர் அலுவலகத்தின் கோப்பில் உட்கார்ந்திருந்த எழுத்து. தலையெழுத்தை அழிக்க முடியாது. கோப்பில் உள்ளதைக் கேள்வி கேட்கலாம். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

அந்தத் திட்டம் 1944இல் வைசிராய் ஆட்சியில் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் பாபாசாகேப் இருந்து கேட்டு வாங்கியது. அப்படி வாங்கிய ஒன்றைச் சுதந்திர அரசுகள் எப்படி நடத்தின என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017-18 முதல் 2019-20 வரை இதற்கு ஒன்றிய அரசு தந்தது ஆண்டுக்குச் சராசரி 1,100 கோடி அளவுதான். மிச்சச் சுமை மாநிலங்களின் தலையில். கூக்குரல் எழுந்த பிறகு 2020 டிசம்பரில் 60:40 என்ற பங்கீட்டை அமைச்சரவை ஏற்றது.

ஆகவே சி.ஏ.ஜி.யே நம் ரட்சகர் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. தணிக்கையாளர் ரூபாயை எண்ணுவார், மனுசரை எண்ண மாட்டார். 'செலவிடப்படாத நிலுவை' என்று அவரிடம் ஒரு பத்தி இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனவளுக்கு எந்தப் பத்தியும் இல்லை. பணம் ஏன் சேரிக்கு வரும் வழியிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டால் 'நிர்வாகத் தாமதம்' என்பார். சாதி என்ற சொல் அவர் பேனாவுக்கு எட்டாது. அந்தச் சொல்லை நாம்தான் எழுத வேண்டும்.

சில சமயம் அவருக்கு முன்னால் நாமே போக வேண்டியிருக்கும். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்ததே, அதற்கு எங்கிருந்து பணம் போனது தெரியுமா? தலித் மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டப் பணத்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள். தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு இதை வெளியே இழுத்தன. 2010 ஆகஸ்டில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் சுமார் 678 கோடி திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டு, அது தவறு என்றார். சேரிக்குக் குடிதண்ணியும் வீடும் தர வேண்டிய காசில் ஸ்டேடியத்துக்கு வழி போட்டார்கள்.

இந்தத் திருட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதன் எண் 789. சிறப்புக் கூறுத் திட்டம் ஆறாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் வந்தது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்டப் பணத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நாம் 20 விழுக்காடு. பட்ஜெட் புத்தகத்தில் அந்தப் பணம் 789 என்ற சிறுதலைப்பின் கீழ் வர வேண்டும். பழங்குடியினருக்கு 796. அரசின் கணக்கு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதே சி.ஏ.ஜி.யின் ஆலோசனைப்படிதான் முடிவாகிறது; 150ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 789இல் வைத்த பணத்தை வேறு இடத்துக்குச் சத்தமில்லாமல் மாற்ற முடியாது, தடம் விழும். பொதுத் தலைப்பில் போட்டுவிட்டு 'இதில் தலித்துகளும் பயனடைகிறார்கள்' என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. எல்லோரும் நடக்கிற மேம்பாலத்தில் நாமும் நடக்கிறோம், ஆகவே அதில் 20 விழுக்காடு நமக்குச் செலவான கணக்கு! ஆந்திரமும் கர்நாடகமும் 2013இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாடு 2024 ஜூனில்தான் போட்டது. சட்டம் வந்துவிட்டது என்று மாலை போட்டுக் கலைந்துபோனால், அடுத்த அறிக்கையிலும் அதே 'செலவிடப்படாத நிலுவை' நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

'இதெல்லாம் என்.ஜி.ஓ. வேலை தோழர், நாம் அரசியல் செய்வோம்' என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது. பண்ணையின் நோட்டு யார் கையில் இருந்ததோ அவர்தான் கூலியைத் தீர்மானித்தார். அதைவிடப் பெரிய அரசியல் எது? கொடி ஏற்றுகிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம், வன்கொடுமை நடந்தால் மறியல் செய்கிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் தினம் தினம் ரத்தம் சிந்தாமல் நடக்கிற வன்கொடுமை ஒன்று பட்ஜெட் புத்தகத்துக்குள் நடக்கிறது. அதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. தணிக்கை அறிக்கைதான் அதற்கு இருக்கிற ஒரே எஃப்.ஐ.ஆர். அதை வாசிக்க நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள். வணிகவியல், பொருளாதாரம் படிக்கிற நம் பிள்ளைகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐந்து பேர் சேருங்கள். அறிக்கைகள் சி.ஏ.ஜி.யின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. முழுதும் படிக்க வேண்டாம். ஆதிதிராவிடர் நலத்துறை, உதவித்தொகை, விடுதி, துப்புரவு என்று வருகிற பாராக்களை மட்டும் எடுங்கள். நம் தமிழில், சேரியில் வாசித்தால் புரிகிற மாதிரி, இரண்டு பக்கத்துக்கு எழுதுங்கள். அதில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வந்தால் அந்த ஊருக்கே போய் விசாரியுங்கள். மிச்சத்தைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தப் பாராவைச் சட்டமன்றத்தில் எழுப்பினாயா என்று அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ராஜஸ்தானில் 1994இல் கூலி விவசாயிகள் ஊர்ப் பொதுவில் பந்தல் போட்டு மஸ்டர் ரோலைச் சத்தமாக வாசித்தார்கள். செத்தவன் பேரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. அந்தப் பந்தல்களிலிருந்துதான் 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி பிறந்தது. நூறு நாள் வேலைக்கு 2005இல் வந்த சட்டத்திலும் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுத வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் அதைச் செய்தார்கள். பட்டம் வாங்கிய நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

எங்க தாத்தா கேட்டது ஒரு தணிக்கைக் கேள்வி. போன வருஷம் கழித்ததை இந்த வருஷம் ஏன் மறுபடி கழிக்கிறாய் என்று கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அவர் தனியாக நின்று கேட்டார், சிரித்து விரட்டினார்கள். அவர் பேரன்கள் பேத்திகள் கூட்டமாகப் போய், கையில் சர்க்காரே அச்சடித்த புத்தகத்தோடு, இன்ன வருஷம், இன்ன பக்கம், இன்ன பாரா என்று விரலை வைத்துக் கேட்டால் யார் சிரிப்பார்கள் என்று பார்ப்போம்.